வெள்ளி ரூபாயைத் தபாலில் வாங்கலாமா?

கேள்வி: உசிலம்பட்டியில் இருந்து எழுதுகிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்றரை வருடமாக வெளிமாநிலத்து நாணய வியாபாரி ஒருவரிடம் தபாலில் பழைய காசு வாங்கி வருகிறேன். மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வரும். முதலில் வி.பி.பி.யில் (தபால்காரரிடம் பணம் கட்டிப் பார்சலை வாங்கும் முறை) அனுப்பினார், இப்போது ஜிபேயில் முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்கிறார். இதுவரை 46,000 ரூபாய் போயிருக்கிறது. 'ஐந்து சுத்த வெள்ளி ரூபாய் செட்' ஒன்று (விக்டோரியா 1862, 1901, எட்வர்டு 1907, ஐந்தாம் ஜார்ஜ் 1918, ஆறாம் ஜார்ஜ் 1942), தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் நாணயம், ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஆகியவை என்னிடம் உள்ளன. போன மாதம் மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். "வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்கிறோம், அந்தப் பித்தளை வேண்டாம்" என்றார்கள். நான் ஏமாந்துவிட்டேனா? அடுத்து 1911 'பன்றி ரூபாய்' 9,500 ரூபாய்க்கு வந்திருக்கிறது, வாங்கலாமா? கறுத்த காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? எல்லாமே சிங்கப்பூரில் இருக்கும் என் பேத்திக்காகச் சேர்ப்பவை.

பதில்: ஐயா, முதலில் அந்த நகைக்கடை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனதை அதிகம் வருத்தியது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நகைக்கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் சொன்னதை வைத்துத் தபால் வியாபாரி ஏமாற்றினார் என்றும் முடிவு கட்ட முடியாது. நகைக்கடையில் காசு என்பது உருக்கப்போகும் வெள்ளி. எந்த ராஜா, எந்த வருடம், எவ்வளவு தேய்மானம் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. டச் (வெள்ளியின் சுத்தம்) பார்ப்பார்கள், எடை போடுவார்கள், அன்றைய விலையைச் சொல்வார்கள். அபூர்வமான காசைக் கொண்டுபோனாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

ஆனால் அவர் சொன்ன எடைக் கணக்கு உங்களுக்கு உபயோகமானது. சேகரிப்புக் காசின் விலையில் மூன்று பங்கு இருக்கிறது: உள்ளே இருக்கும் உலோகம், எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது என்ற அருமை, அந்தக் குறிப்பிட்ட காசு இருக்கும் நிலை. உலோகத்தை வீட்டிலேயே கணக்குப் போடலாம். அருமையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதான நிலையைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. தபாலில் வாங்குகிறவருக்கு அந்த மூன்றாவது மட்டும் கிடைப்பதில்லை. அவர் காசை வாங்கவில்லை, காசைப் பற்றி வியாபாரி எழுதிய ஒரு வரியை வாங்குகிறார். அதனால் அந்த வரிக்கு வியாபாரியைப் பொறுப்பாக்காமல் பணம் அனுப்பக் கூடாது. நானும் மதுரையில் பழைய காசு வாங்கி விற்பவன்தான், வெளியூருக்குத் தபாலில் அனுப்புகிறவன்தான். என்னிடம் வாங்கினாலும் இதையே செய்யுங்கள்.

உங்கள் செட்டுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1862, 1901, 1907, 1918 நான்கும் அந்த ரகம். ஐந்தாவதான 1942 அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல், ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை அதேதான், வெள்ளி மட்டும் 5.83 கிராம். ஆக ஐந்து காசிலும் சேர்த்து வெள்ளி 48 கிராமைக் கொஞ்சம் தாண்டும். பட்டியலில் 'ஐந்து சுத்த வெள்ளி' என்று எழுதியிருந்தது தவறு. தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இதைத் தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாத விஷயம் இது.

அருமை என்று பார்த்தால் இந்த ஐந்தும் தாராளமாகக் கிடைப்பவை. 1862 என்ற வருடத்தைப் பார்த்ததும் பழமை என்று தோன்றும். ஆனால் அந்த வருடத்தைப் பொறித்த அச்சையே 1874 வரை பயன்படுத்தினார்கள், அதனால் 1862 ரூபாய் ஏராளம். 1918-ஐக் கேட்கவே வேண்டாம். முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்து, அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி பிரிட்டனுக்கு விற்று, அந்த வெள்ளி இங்கே ரூபாயாக வந்த காலம் அது. நம் பக்கத்துக் கிராமங்களில் பானையிலும் பெட்டியிலும் இருந்து இன்றைக்கும் வெளியே வருவதில் ஐந்தாம் ஜார்ஜ் காசுதான் அதிகம். உங்கள் செட்டுக்கு வெள்ளி விலைக்கு மேல் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கழித்துப் பாருங்கள். அந்த மிச்சம் முழுக்க நிலைக்கான விலையாக இருக்க வேண்டும். காசுகள் நல்ல தெளிவோடு இருந்தால் சரி. தேய்ந்திருந்தால் அதிகம் கொடுத்துவிட்டீர்கள்.

நிலையைப் பார்க்கும் விதம் இதுதான். காசை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அச்சில் மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும். விக்டோரியாவுக்குக் கன்னமும் காதுக்கு மேலே உள்ள முடியும், ஜார்ஜுக்குக் கிரீடத்தின் நடுப்பகுதியும் அங்கியில் தொங்கும் மாலையும். முடி இழை இழையாகத் தெரிந்தால் நல்ல காசு. வழவழப்பாகிவிட்டால் புழங்கிய காசு. வியாபாரிகள் வி.எஃப்., எக்ஸ்.எஃப்., யு.என்.சி. என்று எழுதுவது இந்தத் தேய்மானத்தின் படிகளைத்தான். வி.எஃப். என்றால் ஓரளவு தேய்ந்தது, எக்ஸ்.எஃப். என்றால் லேசாகத் தேய்ந்தது, யு.என்.சி. என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. வி.எஃப்.க்கும் யு.என்.சி.க்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. அதனால்தான் தபால் வியாபாரத்தில் பெரும்பாலான தகராறு இந்த எழுத்துகளில் வருகிறது. போலியே இல்லாத, அசலான காசை ஒரு படி கூட்டி எழுதினாலே போதும், லாபம் வந்துவிடும்.

அடுத்தது 1818 ராமர் காசு. இது நாணயமே இல்லை, ஐயா. கிழக்கிந்தியக் கம்பெனி இப்படி ராமர், அனுமன், லட்சுமி படம் போட்ட காசை அச்சடித்ததே கிடையாது. 1616, 1717, 1818 என்று ஏதாவது ஒரு வருடத்தைப் போட்டு, கோயில் வாசல்களில் விற்பதற்காகப் பிற்காலத்தில் செய்த வில்லைகள் இவை. பூஜை அறையில் வைக்கலாம், அதில் தவறில்லை. நாணயம் என்று சொல்லி விற்றதுதான் தவறு. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உண்மையான கம்பெனிக் காசு வேண்டும் என்று ஆசை இருந்தால், நம் மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சடித்த 1808 பத்து காசு, இருபது காசு செம்பு நாணயங்களைத் தேடுங்கள். ஒருபுறம் கம்பெனியின் சின்னம், மறுபுறம் பாரசீக எழுத்து இருக்கும். 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இவற்றை ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கிவிட்டது. 1980களில் அந்தக் காசுகளைக் கடலுக்கு அடியில் இருந்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். அதனால் விலையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கடைத்தெருவில் புழங்கியிருக்க வேண்டிய காசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேத்திக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது என்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

தஞ்சை 1000 ரூபாய் நாணயம் நல்ல பொருள். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்தது, 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. 28 கிராம் வெள்ளி உள்ளே இருக்கிறது. எடை மட்டும் போட்டுப் பாருங்கள். வெள்ளி முலாம் பூசிய நகல்கள் இந்த மாதிரி பெரிய நினைவு நாணயங்களில் சுற்றுகின்றன. இனி நினைவு நாணயம் வேண்டுமென்றால் வியாபாரியிடம் போகும் முன், அரசு நாணயச்சாலைகளை நடத்தும் எஸ்.பி.எம்.சி.ஐ.எல். நிறுவனத்தின் இணையதளத்தைப் பாருங்கள். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா நாணயச்சாலைகளில் தயாராவதை அவர்களே முன்பதிவு எடுத்து வீட்டுக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். தபாலில் காசு வாங்குவதில் அசலா போலியா என்ற கவலையே இல்லாத இடம் அது ஒன்றுதான். வெளியீடு முடிந்துபோன பழைய நாணயங்களுக்கு மட்டும் வியாபாரியிடம் போகலாம்.

இப்போது 1911. கதை உண்மை. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் யானைச் சின்னம் அந்த வருடக் காசில் துதிக்கை குட்டையாக, பன்றியைப் போலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அச்சடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். வெளியே போன கொஞ்சம்தான் இன்று மிச்சம். அதனால்தான் இந்த விலை, அதனால்தான் இவ்வளவு போலி.

போலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேறு உலோகத்தில் வார்த்தது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்னொன்று, அசல் 1912 ரூபாயை எடுத்து, கடைசி எண்ணைச் சுரண்டி 1911 ஆக்குவது. இதில் எடை சரியாக இருக்கும், வெள்ளி சரியாக இருக்கும், நகைக்கடையில் டச் பார்த்தாலும் தேறிவிடும். காட்டிக்கொடுப்பது யானைதான். வருடம் 1911 என்று இருந்து, அங்கியில் உள்ள யானைக்கு நீண்ட துதிக்கையும் பெரிய காதும் தெளிவாக இருந்தால் அது திருத்திய காசு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அந்தக் கடைசி '1'-ஐச் சுற்றிப் பாருங்கள், சுரண்டிய தடம் தெரியும். 1938-ஐ 1939 ஆக்கும் வேலையும் இதே மாதிரிதான். 1939 ரூபாய் மிக அருமையானது, அதையும் இந்த வியாபாரி பட்டியலில் போட்டால் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருங்கள்.

வார்ப்புப் போலிக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. காந்தத்தை நம்ப வேண்டாம். காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். ஒட்டாததால் வெள்ளி என்று ஆகிவிடாது, செம்பும் நிக்கலும் கலந்த போலியும் ஒட்டாது. அதைவிட, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். முதலில் காசை எடை போடுங்கள். தேயாத ரூபாய் 11.66 காட்டும், தேய்ந்தது கொஞ்சம் குறையும். பிறகு ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. பழைய வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 பக்கம் காட்டும். பாதி வெள்ளி உள்ள 1942 காசு 1.22 பக்கம் காட்டும். அதே எடையில் செம்பு-நிக்கல் போலி 1.3-ஐ எட்டிவிடும். உங்களிடம் இருக்கும் ஐந்தையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள், 1942 மட்டும் விலகி நிற்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஆக, 1911-ஐ வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் வியாபாரி சொல்லும் விதத்தில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படம் அவர் அனுப்பப்போகும் அதே காசின் படம்தானா என்று முதலில் கேளுங்கள். பல பட்டியல்களில் ஒரு நல்ல காசின் படத்தைப் போட்டு, அனுப்பும்போது வேறொன்றை அனுப்புவார்கள். இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும்படி, தராசில் வைத்த எடையோடு, படம் கேளுங்கள். யானையை மட்டும் கிட்டத்தில் எடுத்து ஒரு படம். பிறகு நான்கு வரி எழுதி வாங்குங்கள்: இந்தக் காசு அசல், எண் திருத்தப்படவில்லை, நிலை இன்னது, கையில் வந்து பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருவேன். எல்லாவற்றையும் பில்லோடு. நேர்மையான வியாபாரிக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை, நீங்கள் கேட்காமலே நாங்கள் இதைக் கொடுக்கிறவர்கள்தான். "எங்களிடம் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை" என்று பதில் வந்தால், அந்த 9,500-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரி தானே அச்சடித்து லேமினேட் போட்டுக் கொடுக்கும் சான்றிதழ்களுக்கு மதிப்பு கிடையாது. என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற வெளி நிறுவனங்கள் தரம் பார்த்து, பிளாஸ்டிக் கூட்டில் மூடி, எண் போட்டுக் கொடுப்பது வேறு. அதிலும் அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் காசும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கூட்டையே போலியாகச் செய்கிறார்கள்.

வி.பி.பி. பாதுகாப்பு என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது காப்பு ஆகாது. ஏதோ ஒன்று வந்து சேரும் என்பதற்கு மட்டும்தான் காப்பு. பார்சல் எப்படி வந்தாலும், முகவரிச் சீட்டு தெரியும்படி வைத்து, பிரிப்பதை முதலில் இருந்து கடைசிவரை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

ராமர் காசுக்கும் 'சுத்த வெள்ளி' என்று எழுதிய 1942-க்கும் பணத்தைத் திருப்பிக் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள். போனில் பேச வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வியாபாரி எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது அந்தச் சட்டத்தில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. உங்களுக்கு அது மதுரை. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடம்தான் கெடு, அதை வாங்கிய நாளில் இருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு என்பதால், ஒன்றரை வருடம் முன்பு வாங்கியவற்றுக்கு அவசரம் உண்டு.

புளி விஷயம். தயவுசெய்து வேண்டாம், ஐயா. குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யக் கூடாது. வெள்ளி கறுப்பது இயற்கை, அந்தக் கறுப்பு அதன் தோல். சீராகப் படிந்த கறுப்புள்ள காசுக்குச் சேகரிப்பவர்கள் கூடுதலாகவே கொடுப்பார்கள். தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழும், உயிரில்லாத ஒரு வெள்ளை மினுக்கம் வரும், அதைப் பார்த்ததும் விலை நன்றாக இறங்கிவிடும். ஏற்கெனவே தேய்த்தவற்றை விட்டுவிடுங்கள், மற்றவற்றை விளிம்பைப் பிடித்து மட்டும் எடுங்கள். வியாபாரி அனுப்பிய மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் உறையை மாற்றிவிடுங்கள், நாளாக ஆக அது பச்சையாகப் பிசுபிசுப்பை விடும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கிட்டவே வேண்டாம்.

சிங்கப்பூர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பவோ கொண்டுபோகவோ கூடாது. உங்கள் செட்டில் 1862, 1901, 1907, 1918 நான்கும் அதில் வருகின்றன, வாங்க நினைக்கும் 1911-உம் வருகிறது. பார்சலில் போட்டுவிடாதீர்கள், அடுத்த தடவை ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியிலும் வைத்துவிடாதீர்கள். 1942 ரூபாய்க்கும் தஞ்சை நாணயத்துக்கும் அந்தத் தடை இல்லை. விமான நிலையத்தில் கேள்வி வந்தால் காட்ட, பில்லைக் கூடவே வையுங்கள். பேத்திக்குச் சிங்கப்பூரிலேயே வைத்துக்கொள்ளும்படி கொடுக்க வேண்டுமென்றால் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நினைவு நாணயங்களைச் சேருங்கள். பழைய ரூபாய்கள் அவள் விடுமுறைக்கு வரும்போது உசிலம்பட்டி வீட்டில் இருக்கட்டும்.

லாபத்துக்காகத்தான் இதெல்லாம் என்றால் ஒன்று சொல்கிறேன். தாராளமாகக் கிடைக்கும் காசைச் சில்லறை விலைக்கு வாங்கி அடுத்த வருடம் விற்றால் கை கடிக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே வியாபாரியின் பங்கு இருக்கிறது. 'நாங்களே திருப்பி வாங்கிக்கொள்வோம்' என்று பட்டியலில் இருந்தால், என்ன விலைக்கு என்று கேளுங்கள், எழுதித் தருகிறாரா பாருங்கள்.

அடுத்த பட்டியல் வரும் முன் ஒரு சனிக்கிழமை மதுரைக்கு வரும்போது, உங்கள் ஐந்து ரூபாயையும் எடுத்துக்கொண்டு நாணயக் கடைகள் இரண்டு மூன்றில் ஏறி இறங்குங்கள். விற்க வேண்டாம், அதே வருடத்துக் காசைக் கையில் வாங்கிப் பார்த்து விலை மட்டும் கேளுங்கள். நாணயக் கண்காட்சி நடந்தால் இன்னும் நல்லது, ஒரே மேஜையில் நல்ல 1918-ஐயும் தேய்ந்த 1918-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தக் கண் பழகிவிட்டால் வாட்ஸ்அப் படத்தையும் படிக்க வந்துவிடும். 1911-க்கு வியாபாரி யானையின் படம் அனுப்பினால் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஜிபேயைத் தொட வேண்டாம்.